விடுமுறைக்கு என்ன எழுதச் சொல்வது என்று கேட்ட மகனுக்கு

செல்வம்,

உன் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. உன் நைனா வேலையிலிருந்து வந்ததும் வாசித்துக் காட்டினேன். கால் கழுவக்கூட இல்லை, அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும், “ஒழுங்கா துன்றானா இல்லியான்னு ஒரு வார்த்த எழுதிகீறானா, பாரு” என்றார். நீ எழுதவில்லை. நீ பாடம் நடத்தும் வகுப்பைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். அதில் எனக்குச் சந்தோஷம், அவருக்குக் குறை. அடுத்த கடிதத்தில் முதல் வரியிலேயே சாப்பாட்டைப் பற்றி எழுதிவிடு.

பொங்கலுக்குப் பள்ளிக்கூடம் மூடப் போகிறார்கள், ஆறாவது ஏழாவது பிள்ளைகளுக்கு விடுமுறையில் எழுத என்ன கொடுக்கலாம், எங்களுக்குக் கொடுத்ததெல்லாம் நினைவிருந்தால் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறாய். நினைவில்லாமல் என்ன? ஆனால் அவற்றை வரிசைப்படுத்தி எழுதி அனுப்பினால் உனக்கு ஒன்றும் கிடைக்காது. ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று சொன்னால்தான் உன் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தகுந்தபடி நீயே புதிதாக ஒன்றைச் செய்துகொள்ள முடியும். அதைச் சொல்லப் போனால் நம் வீட்டுக் கதையையும் சொல்லியாக வேண்டும். பாதி உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக இருந்து பார்த்தாய். நான் பார்த்தபடி இது.

தண்டையார்ப்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் நீ ஆறாவது படித்தபோது எனக்கு அங்கே டீச்சர் வேலையில் இரண்டாவது வருஷம். தீபாவளி முடிந்து வந்ததும் எல்லா வாத்தியார்களும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ‘தீபாவளி’ என்று கரும்பலகையில் எழுதி, கட்டுரை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். அடுத்த நாள் மேஜைமேல் குவிந்த நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தால், எல்லாவற்றிலும் ஒரே தீபாவளி. எல்லார் வீட்டிலும் இல்லம் ஒளிர்ந்தது, உள்ளம் மகிழ்ந்தது. ரேஷன் சர்க்கரைக்கு வரிசையில் நின்ற வீடுகளில் பலகாரங்கள் மலைபோல் குவிந்தன. வகுப்பில் பாதிப் பேர் துறைமுகத்துக் கூலி வீட்டுப் பிள்ளைகள், மீதி மில் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். நாலைந்து முஸ்லிம் பிள்ளைகள், சில கிறிஸ்தவப் பிள்ளைகள். அவர்கள் வீட்டிலும் அதே தீபாவளி. கடைகளில் விற்ற கட்டுரைப் புத்தகம் ஒன்று தெருவெல்லாம் கை மாறியிருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது.

உன் நோட்டில், ‘என் அன்னை அதிகாலையில் எழுந்து, எனக்கு எண்ணெய் தேய்த்து நீராட்டினாள்’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாய். கையெழுத்தைப் பாராட்டலாம் என்று உன்னைக் கூப்பிட்டு, “உங்க அம்மாகூட எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களா?” என்று கேட்டேன். நீ சாதாரணமாக, “அம்மா இல்ல டீச்சர். செத்துட்டாங்கோ” என்றாய். “அப்ப இது?” என்றேன். “புக்குல அப்டித்தான் போட்டுகீது” என்றாய்.

நீ போய் உன் இடத்தில் உட்கார்ந்துவிட்டாய். என்னால்தான் அன்றைக்கு வேறு பாடம் நடத்த முடியவில்லை. இந்தப் பிள்ளைகள் உண்மையில் அன்றைக்கு என்னதான் செய்தார்கள்? யார் வீட்டில் என்ன நடந்தது? அதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. அடுத்த நாளே மறுபடி எழுதச் சொன்னேன். ஆனால் புத்தாடை, பட்டாசு, பலகாரம், மகிழ்ச்சி ஆகிய வார்த்தைகள் எங்கேயும் வரக்கூடாது என்றேன். கண் விழித்ததிலிருந்து வெயில் வரும்வரை காதில் என்னென்ன விழுந்தது, அதை மட்டும் எழுத வேண்டும். வகுப்பே தவித்துப் போயிற்று. “அதெல்லாம் இல்லாத தீபாவளி எப்டி டீச்சர்?” என்று ஜோசப் எழுந்து சண்டைக்கே வந்தான்.

வந்தவற்றைப் படித்தபோது எனக்குள் ஏதோ திறந்துகொண்டது. மில் வேலைக்காரர் மகன் ஒருவன், ‘அன்றைக்கு மில்லில் சங்கு ஊதவில்லை. எங்கப்பா சங்கு ஊதாமலே எழுந்து உட்கார்ந்துகொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார்’ என்று எழுதியிருந்தான். மரியம், ‘எங்கள் வீட்டில் பண்டிகை இல்லை. ஆனால் எங்கள் ஆடு பயப்படும். விடிகிற வரை நான் அதன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இருந்தேன். அந்த ஆட்டின் சத்தத்தில் எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை, என் காதை யார் பொத்தினார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்’ என்று எழுதியிருந்தாள். நான் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். நோட்டை வாங்கிப் படித்துவிட்டு, “‘துன்னேன்’, ‘குந்திகினேன்’னெல்லாம் எழுதியிருக்கானுங்களே, திருத்தலையா?” என்றார். ஆள் பேசுகிற இடத்தில் பேசுகிறபடி இருக்கட்டும், மற்ற இடத்தில் திருத்துகிறேன் என்றேன். அவருக்குச் சம்மதமில்லை. ஆனால் ஆட்டுக் கதையை இரண்டாவது தடவை படித்துவிட்டுத்தான் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் எனக்கு அதுவே பைத்தியமாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு, ஒரு வீட்டில் பண்டிகைக்கு முந்திய நாள் அடுப்படியில் என்ன நடக்கிறது என்று பார்த்து எழுது என்றேன். ராயபுரத்தில் ஜோசப் வீட்டு அடுப்படிக்குப் போன பிள்ளைக் கூட்டத்தைப் பார்த்து அவன் அம்மா மிரண்டு போனாளாம். ரம்ஜானுக்கு நோன்பு வைத்திருக்கும் ஒருவரோடு சாயங்காலம் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்து, அந்த நேரத்தில் அவர் கை என்ன செய்கிறது என்று கவனித்து எழுது என்றேன். நீ இதையெல்லாம் உன் பிள்ளைகளுக்குக் கொடு. ஆனால் ஒன்றில் மட்டும் கவனமாக இரு. பிள்ளைகளில் ஒருத்தி வீட்டுக் கஷ்டத்தை எழுதிவிட்டால், அதற்காக மதிப்பெண் கூடப் போடாதே. போட்டால் அடுத்த தடவை எல்லாரும் கஷ்டத்தைத் தேடி எழுதுவார்கள். அது கட்டுரைப் புத்தகத்தைவிட மோசம்.

இப்போது நீ கேட்கும் பொங்கலுக்கு வருகிறேன். அந்த வருஷம் பொங்கல் விடுமுறைக்கு நான் கொடுத்தது இது: பண்டிகை நாளில் பண்டிகை கொண்டாடாத ஒருவரைக் கண்டுபிடி. அவரிடம் மூன்று கேள்வி கேள். பதில் உனக்கு முன்கூட்டியே தெரிந்த கேள்வியாக இருக்கக்கூடாது. என் மனதில் இருந்ததெல்லாம் ரயில்வே கேட்காரர், பேசின் பிரிட்ஜ் மின்சார நிலையத்தில் வேலை பார்ப்பவர், ஆஸ்பத்திரி நர்ஸு இந்த மாதிரி ஆட்கள்தான். உன் மனதில் யார் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. தீபாவளிக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மரியம் ஒருநாள் வகுப்பில் கேட்டபோது, எனக்குப் பண்டிகை கிடையாதம்மா என்று போகிறபோக்கில் சொன்னதை நீ பிடித்து வைத்திருந்திருக்கிறாய்.

நான் அப்போது வண்ணாரப்பேட்டையில் என் அண்ணன் வீட்டில் இருந்தேன். எங்கள் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அண்ணன் மளிகை மண்டி வைத்திருந்தார். வீட்டில் அவர், மதினி, அவர்கள் மகள் மீனா, நான். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். அண்ணன்தான் என்னை அழைத்து வந்து, படிக்க வைத்து, டீச்சர் வேலையிலும் சேர்த்துவிட்டார். என்னை யாரும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. இதை நீ மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

பொங்கலன்று காலை, வாசலில் பானை பொங்கி, மதினியும் வந்திருந்த உறவுக்காரப் பெண்களும் குலவை போட்டு முடித்து, எல்லாரும் கரும்பும் கையுமாக நிற்கும்போது நீ வந்தாய். சட்டை துவைத்து மடிப்பாக இருந்தது. கையில் நோட்டும் பென்சிலும். அண்ணனிடம் நேராகப் போய், “எங்க டீச்சர் வூடு இதானே? டீச்சரு எங்க?” என்று கேட்டாய். நான் ஈரக் கையோடு வெளியே வந்தேன். அத்தனை பேர் நடுவில் நின்றுகொண்டு, “கேள்வி கேக்க வந்தேன் டீச்சர்” என்றாய். உள்ளே வா என்று கூப்பிட்டிருக்கலாம். எனக்கு என்னவோ சிரிப்பு வந்தது. கேள் என்றேன்.

“காலைலேந்து இன்னா பண்ணீங்கோ?”

காய் நறுக்கினேன், தேங்காய் துருவினேன், பாத்திரம் தேய்த்தேன் என்றேன். நீ ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாய்.

“பானை பொங்கசொல்லோ எங்க நின்னுகினு இருந்தீங்கோ?”

“உள்ளே” என்றேன்.

நீ தலையைத் தூக்கிப் பார்த்தாய். அதில் குறும்பு இல்லை, குத்தல் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டும்தான். “யாரு உள்ள நிக்கச் சொன்னது?”

நான் மதினியைப் பார்த்தேன். அவள் பதறிப்போய், “நான் எப்பம்மா சொன்னேன்? நான் சொல்லவே இல்லையே” என்றாள். உண்மைதான், அவள் சொன்னதில்லை. அண்ணனும் சொன்னதில்லை. முதல் வருஷம் நானாகத்தான் உள்ளே போய் நின்றேன். அவர்கள் கூப்பிடவில்லை. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் அதுவே பழக்கமாகிப் போயிற்று. யோசித்துச் சொல்கிறேன் என்று உன்னை அனுப்பிவிட்டேன். பள்ளி திறந்ததும் நீ கொண்டு வந்த நோட்டில், மூன்றாவது கேள்விக்குக் கீழே, ‘பதில்: டீச்சர் யோசித்துக்கொண்டிருக்கிறார்’ என்று எழுதியிருந்தாய். அதில் திருத்த எனக்கு ஒன்றுமே இல்லை.

அதே வாரத்தில் ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில் உன் நைனா கேட்டருகே வந்து நின்றார். துறைமுகத்தில் பெரிய கப்பல்களை உள்ளே இழுத்துவரும் நீராவிப் படகில் கரி போடும் வேலை அவருக்கு. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் கரி இருக்கும். தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, “டீச்சர், பையன் உங்க வூட்டாண்ட வந்து இன்னாமோ கேட்டுட்டானாமே. பண்டிக நாளும் அதுவுமா ஒரே பேஜாராயிடுச்சாமே. தப்பா எடுத்துக்காதீங்கோ” என்றார்.

“கேட்கச் சொன்னதே நான்தான்” என்றேன்.

அவர் போகவில்லை. துண்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே நின்றார். அப்புறம், “அந்த மூணாவது கேள்விக்கு இன்னா பதிலு டீச்சர்? அவனும் வூட்ல கேட்டுகினே கீறான். எனக்கும் தெரிஞ்சிக்கணும்போல கீது” என்றார். நான் சிரித்துவிட்டேன். பள்ளிக்கூட வாசலில், பிள்ளைகள் எல்லாம் போய்க்கொண்டிருக்கும்போது, அவ்வளவு சத்தமாக நான் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் நின்றேன் என்றேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “நானும் அப்டித்தான். அவ பூட்டப்பறம் பண்டிக நாள்ல வூட்ல குந்தவே முடிய்ல. மத்தவன் டூட்டியையும் கேட்டு வாங்கிகினு படகுக்குப் பூடுவேன். பையன பக்கத்து வூட்ல வுட்டுட்டு. யாரு போகச் சொன்னதுன்னு கேட்டா, எனக்கும்தான் தெர்லே” என்றார்.

அவ்வளவுதான் அன்றைக்கு. அதற்கப்புறம் எப்போதாவது உன்னை அழைத்துப் போக வருவார், இரண்டு வார்த்தை பேசுவோம். எந்தக் கப்பல் வந்தது, எந்தக் கொடி, அதில் வந்தவர்கள் என்ன பாஷை பேசினார்கள் என்று நான்தான் துருவித் துருவிக் கேட்பேன். ஒருநாள் அவர், “டீச்சர், நானு ஒரு கேள்வி கேக்கலாமா? பதிலு மெய்யாலுமே தெரியாத கேள்வி” என்றார். அது என்ன கேள்வி என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. எனக்கும் அந்தப் பதில் அன்றைக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு மாதம் யோசித்தேன்.

அண்ணனிடம் சொன்னபோது அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “நீ நல்லா இருக்கணும்னுதான் நானும் நெனைக்கேன். ஆனா மீனாவுக்குப் பதினாறு வயசு ஆச்சு. அத்தை இப்படிப் போனான்னு தெரிஞ்சா, அவளைப் பொண்ணு கேட்டு யாரு வருவா? அதுக்கு ஒரு பதில் சொல்லிட்டு நீ போ” என்றார். கைம்பெண் மறுபடி கட்டிக்கொள்வது, அதிலும் வேறு சாதிக்காரரை. பள்ளி நிர்வாகத்திலிருந்தும் ஆள் விட்டுச் சொன்னார்கள், படிக்கிற பையனின் தகப்பனாரை டீச்சர் கட்டிக்கொண்டால் மற்ற பெற்றோர் என்ன நினைப்பார்கள் என்று. திருவொற்றியூரில் வேறொரு பள்ளிக்கூடத்தில் இடம் தேடிக்கொண்டேன். ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராயபுரத்தில் உங்கள் தெருமுனைப் படிப்பகத்தில், ஐயரில்லாமல் மேளமில்லாமல் மாலை மாற்றிக்கொண்டோம். என் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. மீனாவின் கல்யாணம் அடுத்த தையில் நல்லபடியாக நடந்தது. எனக்குப் பத்திரிகை இல்லை. மதினி மட்டும், பந்தி முடிந்த பிறகு, ஒரு தூக்குச்சட்டியில் பாயசம் கொடுத்தனுப்பினாள். அந்தப் பாயசத்தை நீயும் குடித்தாய்.

காலடிப்பேட்டையில் வீடு பிடித்தோம். எல்லாரையும்விட நீதான் எனக்குப் பெரிய பரீட்சையாக இருந்தாய். எங்கள் கல்யாணம் முடிந்த அன்றிலிருந்து நீ என்னோடு நேராகப் பேசவில்லை. நான் அடுப்புப் பக்கத்திலேயே இருப்பேன், நீ வாசலில் இருக்கும் உன் நைனாவிடம், “நைனா, சோறு ஆச்சான்னு கேளு” என்பாய். அவர் என்னைப் பார்ப்பார். நான், “ஆச்சுன்னு சொல்லுங்க” என்பேன். வகுப்பில் கேள்வி கேட்டே என் உயிரை எடுத்த பையனா இவன் என்று எனக்கு வியப்பாக இருக்கும். உன்னை எதையும் எழுதச் சொல்லவில்லை. வற்புறுத்திக் கேட்கவுமில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு இருந்த ஆசையை அடக்கியதுதான் தீபாவளி வரைக்கும் நான் செய்த பெரிய வேலை.

எங்கள் கல்யாணம் நடந்த வருஷத்துத் தீபாவளி அடை மழைக்கு நடுவில் வந்தது. உன் நைனா விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். “இந்தத் தபா நானா கேட்டு வாங்கல, மெய்யாலுமே டூட்டி போட்டுட்டாங்கோ” என்று என்னிடம் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். நான் வெந்நீர் போட்டு, எண்ணெய் காய்ச்சி வைத்துவிட்டு உன்னை எழுப்பப் போனால், பாயில் நீ இல்லை. கிணற்றடியில் பச்சைத் தண்ணீரை மொண்டு ஊற்றிக் குளித்துவிட்டு, தலையில் சொட்டச் சொட்ட நின்றாய். எண்ணெய்க் கிண்ணம் என் கையில். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை எடுத்து நீட்டினேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே, துண்டுக்குள்ளிருந்தபடி, நீ கேட்டாய்: “டீச்சர், எங்கம்மா தீபாவளிக்கு இன்னா பண்ணுவாங்கோ?”

“எனக்குத் தெரியாதேப்பா. நைனாவைக் கேட்டியா?”

“கேட்டா எந்திரிச்சி வெளிய பூடுது.”

“வேற யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?”

“எண்ணூர்ல பெரிம்மா கீது. அம்மாவோட அக்கா.”

“அப்ப வா, போய்க் கேட்போம்” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். செத்துப்போன தங்கையின் இடத்துக்கு வந்தவள், தீபாவளியன்று, அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் போய் நிற்பதாவது? உன் பெரியம்மா கதவருகில் நின்று என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. நீ கேட்க வந்ததைக் கேட்டாய். அவள் கண்ணை என்மேலிருந்து எடுக்காமல், “அத்த கேக்கவா இம்மாந்தூரம் வந்தே? இட்டாந்தது யாரு?” என்றாள்.

“டீச்சர்தான்” என்றாய்.

அவள் கதவைவிட்டு விலகி நின்றாள். “மழைல நிக்காதீங்கோ. உள்ள வந்து குந்துங்கோ டீச்சரம்மா” என்றாள். எங்கள் இருவருக்கும் அதிரசம் எடுத்து வைத்துவிட்டு, உன் தலையைத் தன் முந்தானையால் மறுபடி ஒருமுறை துடைத்துக்கொண்டே சொன்னாள். “உங்கம்மாவுக்கு வெடிச் சத்தம் ஆவாதுடா. ஊசி வெடி வெடிச்சாக்கூட காத பொத்திகினு ஓடிடுவா. அதனால தீபாவளின்னா விடிஞ்சதும் ரெயில் ஏறி இங்க வந்துடுவா. உன்னைத் தூக்கிகினு உங்க பெரிப்பா படகுல ஏறி, கழிமுகத்துல நட்டநடுவுல போய் குந்திக்குவா. அங்க சத்தம் வராது. பொழுது சாய்ற வரிக்கும் அங்கியே. நீ அவ மடில தூங்குவே. எல்லாரும் அவள கிண்டல் பண்ணுவோம். சிரிச்சிகினே போவா.”

மழை விட்டதும் உன் பெரியப்பா எங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். கழியை ஊன்றி ஊன்றி, கரை மறைகிற வரைக்கும் தள்ளினார். இந்த இடம்தான் என்று நிறுத்தினார். தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஊருக்குள் வெடிப்பது, எங்கோ யாரோ துணி துவைப்பதுபோல மெல்லக் கேட்டது. நீ கையைத் தண்ணீரில் விட்டு அளைந்தாய். நான் உன் பக்கம் பார்க்கவில்லை. அது உன்னுடைய இடம், உன் அம்மாவுடைய இடம். அங்கே எனக்கு என்ன வேலை என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் வந்தது சரிதான் என்று மட்டும் தெரிந்தது.

பிறகு நீ என் பக்கம் திரும்பினாய். வகுப்பில் இருந்த அதே முகம்.

“உங்களுக்கு?”

“எனக்கு என்ன?”

“வெடிச் சத்தம். உங்களுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா?”

என்னை இப்படி ஒருவர் கேட்டதே இல்லை. “பிடிக்கும்” என்றேன். “ரொம்பப் பிடிக்கும். சின்ன வயசுல யானை வெடியைக் கையில பிடிச்சுத் திரியைப் பத்த வச்சுத் தூக்கிப் போடுவேன். எங்க அண்ணன் திண்டாடிப் போவாரு, அவருக்குப் பயம்.”

“நீங்களா? மெய்யாலுமா?” உன் கண் விரிந்துவிட்டது. “கடசியா எப்போ வெடிச்சீங்கோ?”

“கல்யாணத்துக்கு முன்னாடி. முதல் கல்யாணத்துக்கு.”

நீ கொஞ்சம் யோசித்தாய். மனதுக்குள் ஏதோ கணக்குப் போடுவதுபோல் உன் உதடு அசைந்தது. சட்டென்று எழுந்து நின்றாய், படகு ஆடியது. “பெரிப்பா, படகத் திருப்பு. ரெயில் பூடும். கடய மூடிடுவாங்கோ!” என்று கத்தினாய்.

திருவொற்றியூரில் இறங்கி, நீ முன்னால் ஓட, நான் பின்னால் சேறு தெறிக்க வந்தேன். கடைக்காரர் பலகை போட்டு மூடிக்கொண்டிருந்தார். மிச்சம் இருந்ததையெல்லாம் வாங்கினோம். பாதி நமுத்துப் போயிருந்தது. அடுப்புச் சூட்டில் முறத்தில் பரப்பி வைத்து, அது காய்கிற வரைக்கும் நீ பக்கத்தைவிட்டு நகரவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் தெருவில் இறங்கினோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தி வாயில் கையை வைத்துக்கொண்டாள். நான் யானை வெடியைக் கையில் பிடித்தேன். நீ ஊதுவத்தியை நீட்டினாய். தூக்கிப் போட்டேன். அந்தரத்திலேயே வெடித்தது. நீ போட்ட கூச்சல் வெடியைவிடப் பெரிதாக இருந்தது.

உன் நைனா வேலை முடிந்து, முகமெல்லாம் கரியோடு, தெருமுனையில் திரும்பினார். நம் வாசலில் கூட்டத்தையும் புகையையும் பார்த்துவிட்டு ஓடி வந்தார். நடுவில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் சரவெடியோடு நான். “இன்னாம்மே இது? இன்னா நடக்குது இங்க?” என்றார்.

நீ அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாய். “தள்ளி நில்லு நைனா. எங்கம்மாவுக்கு வெடின்னா உசுரு” என்றாய்.

அவர் குழம்பிப்போய் உன்னைப் பார்த்தார். உன் அம்மாவின் எண்ணூர்ப் படகு அவருக்கும் தெரியும். அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் குனிந்து திரியைப் பற்ற வைத்தேன்.